ஏலாக்குறிச்சியில ஒரு அகராதிக்காரர்

போன செமஸ்டர் பிளேஸ்மென்ட் டிரெய்னிங் நடந்தப்போ எல்லார் கையிலயும் ஒரு பிடிஎஃப் இருந்துச்சு. வெர்பல் செக்‌ஷனுக்கான வார்த்தை லிஸ்ட். நீள நீளமா, வாயில நுழையாத இங்கிலீஷ் வார்த்தைங்க. நான் எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம்தான், ஆனா அதுல பாதி எனக்கே தெரியல. என் ரூம்மேட் திருமானூர் பக்கம், பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். அவன் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மனப்பாடம் பண்ண ஒரு வழி கண்டுபிடிச்சோம். ஒரே மாதிரி எழுத்து வர்ற வார்த்தைகளைச் சேர்த்து சேர்த்து எழுதிக்கிட்டோம். ஏ, இ, ஐ, ஓ, யூ அஞ்சு உயிரெழுத்தும் அதே வரிசையில வர்ற வார்த்தைங்க ஒரு பக்கம். அதுல ரெண்டு நல்லா ஞாபகம் இருக்கு. ஒண்ணு அப்ஸ்டீமியஸ்: சாப்பாடு, குடி எல்லாத்துலயும் அளவோட இருக்கறவர். இன்னொண்ணு ஃபெசீஷியஸ்: சீரியஸான இடத்துலயும் கிண்டல் பண்றவர். ஒரு எழுத்துகூட ரெண்டாவது தடவை வராத வார்த்தைங்க இன்னொரு பக்கம். பதினஞ்சு எழுத்துள்ள அன்காப்பிரைட்டபிள் அந்தப் பக்கத்துல இருக்கு. யாரும் காப்புரிமை கேட்க முடியாததுன்னு அர்த்தம்.

ஒரு நாள் ராத்திரி இதைப் பண்ணிக்கிட்டு இருந்தப்போதான் ரூம்மேட் ஒரு விஷயம் சொன்னான். இதே வேலையைத் தமிழுக்கு ஒருத்தர் எப்பவோ பண்ணிட்டாராம், அதுவும் அவங்க ஊருக்குப் பக்கத்துல இருந்தவராம். வீரமாமுனிவர்னு பேர் சொன்னதும் எனக்கு ஸ்கூல் புக்ல வந்த ஒரு மார்க் கேள்வி மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. சதுரகராதியை எழுதியவர் யார்? விடை எழுதி ஒரு மார்க் வாங்கினதோட சரி. அந்தப் புத்தகத்துல என்ன இருக்கு, அது ஏன் சதுரம்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ப்ளஸ் டூல மார்க்குக்காக ஃபிரெஞ்ச் எடுத்த ஆள் நான். கேட்டிருக்க வாய்ப்பும் இல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பெரம்பலூர்ல பஸ் ஏறி அரியலூர் போய், அங்கிருந்து சிமெண்ட் லாரிங்களுக்கு நடுவுல திருமானூர், அப்புறம் ஏலாக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்து படிச்சதையும் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

முப்பது வயசுல ஆனா ஆவன்னா

அவரோட நிஜப் பேர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்னைக்கு இத்தாலியில காஸ்திலியோனேங்கிற ஊர்ல பிறந்தார். 1698-ல இயேசு சபையில சேர்ந்தார். துறவியாகிப் பாதிரியாராகி, கப்பலேறி 1710-ல கோவா வந்து இறங்கினார். அடுத்த வருஷம் தமிழ்நாடு, மதுரை மிஷன். அப்போ அவருக்கு வயசு முப்பது. அதுவரைக்கும் இத்தாலி மொழியிலயும் லத்தீன்லயும் யோசிச்ச ஆளு.

முப்பது வயசுல ஒரு மொழியை ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கிறது எப்படி இருக்கும்? நாம இருபத்தோரு வயசுலயே இதுக்கு மேல என்னத்தைக் கத்துக்கிறதுன்னு அலுத்துக்கிறோம். அவருக்கு முன்னாடி அச்சடிச்ச பாடநூல் வரிசையா இல்ல, டிரான்ஸ்லேட்டர் ஆப் இல்ல. ஓலைச்சுவடியும் வாத்தியாரும்தான். சுப்ரதீபக் கவிராயர்கிட்ட தமிழ் படிச்சார்னு வழிவழியா சொல்றாங்க.

கான்ஸ்டன்டைன்ங்கிற பேருக்கு உறுதியானவர்னு அர்த்தம். அதையே தமிழாக்கி முதல்ல தைரியநாதர்னு வச்சுக்கிட்டார். வீரமாமுனிவர்ங்கிறது பின்னாடி வந்து நிலைச்ச பேர். வெள்ளைக்கார பாதிரியார் டிரெஸ்ஸை விட்டுட்டு காவி அங்கி, தலைப்பாகைன்னு நம்ம ஊர் துறவி மாதிரி மாறினார். மாமிசத்தையும் விட்டுட்டார்னு அவரைப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. எங்க லிஸ்ட்ல இருந்த அப்ஸ்டீமியஸுக்கு ஒரு முகம் கிடைச்சது.

இதுல ஒண்ணை மறைக்காம சொல்லிடணும். அவர் தமிழ் படிக்கணும்னு கப்பல் ஏறல, மதம் பரப்பத்தான் வந்தார். சைவ உணவும் காவியும்கூட அந்த வேலைக்கு உதவும்னு அவர் சபையில முன்னாடி இருந்தவங்க கண்டுபிடிச்ச வழிதான். ஆனா வேலைக்காகக் கத்துக்கிட்ட மொழி ஒருத்தரை எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகும்ங்கிறதுக்கு அவர் வாழ்க்கையை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியல.

கொள்ளிடக் கரையில

ஏலாக்குறிச்சி கொள்ளிடத்துக்கு வடகரைப் பக்கம் இருக்கிற ஊர். இன்னைக்கு அரியலூர் மாவட்டம். பெரம்பலூர், அரியலூர்னு நாம பிரிச்சுப் பேசறதெல்லாம் நேத்து வந்தது. 1995-ல திருச்சியில இருந்து பெரம்பலூர் பிரிஞ்சது, 2001-ல அதுல இருந்து அரியலூர் பிரிஞ்சது, அடுத்த வருஷமே மறுபடி சேர்ந்து, 2007-ல திரும்பவும் தனியாச்சு. வீரமாமுனிவர் காலத்துல இது அரியலூர் மழவராயர்கள் பாளையம்.

இங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் அமைச்சு, ஊருக்குத் திருக்காவலூர்னு பேர் வச்சார். அதுமேல திருக்காவலூர்க் கலம்பகம்னு ஒரு பிரபந்தமே பாடினார். கலம்பகம்ங்கிறது தெய்வங்கள் மேலயும் அரசர்கள் மேலயும் தமிழ்ல காலங்காலமா பாடிட்டு வந்த வகை. அந்த அச்சுல ஒரு கிராமத்து மாதா கோயிலை உட்கார வச்சார்.

ஊர்ல இன்னைக்கும் ஒரு கதை சொல்றாங்க. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் அடங்கலையாம். முனிவர் அங்கிருந்த பச்சிலையையும் ஊற்றுத் தண்ணி சேறையும் வச்சுக் கட்டினதுல கட்டி உடைஞ்சு குணமாச்சாம். அந்த நன்றிக்கு மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தாராம். ரூம்மேட்டோட அப்பாயி இந்தக் கதையைச் சொல்லும்போது நேர்ல பார்த்த மாதிரியே சொல்லுது. அது பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கும் தீச்சட்டி எடுக்கும், மாதா தேருக்கும் போகும். ரெண்டுக்கும் நடுவுல அதுக்கு ஒரு முரணும் தெரியல.

நாலு பக்கம் கதவு

இப்போ அகராதிக்கு வருவோம். அவருக்கு முன்னாடி தமிழ்ல வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க என்ன பண்ணினாங்க? நிகண்டு இருந்துச்சு. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு. எல்லாமே செய்யுள். தெய்வப் பேர் ஒரு தொகுதி, மக்கள் பேர் ஒரு தொகுதி, விலங்கு, மரம், இடம்னு தொகுதி தொகுதியா போகும். திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்ன வயசுலயே இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிடுவாங்க. அப்புறம் ஒரு வார்த்தை வந்தா அந்தப் பாட்டு தானா ஞாபகம் வரும்.

சிஎஸ்இ பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, நிகண்டு ஒரு கேசட். உள்ள எல்லாம் இருக்கு. ஆனா எங்கே இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்குத்தான் அது உதவும். ஒரு வார்த்தை மரமா மிருகமான்னே தெரியாதவன் எந்தத் தொகுதியைத் தேடுவான்? வெளியூர்க்காரனுக்கும், படிப்பைச் சின்ன வயசுல தவறவிட்டவனுக்கும் அந்த வீட்டுல கதவே இல்ல.

அகர வரிசைங்கிற யோசனை அவருக்கு முன்னாடியே தமிழ்ல இருந்துச்சு, அதையும் சொல்லணும். சிதம்பரம் ரேவண சித்தர் 1594-ல அகராதி நிகண்டு செஞ்சார். அகராதிங்கிற பேரே அங்கிருந்துதான் நமக்கு வருது. ஆனா அதுவும் செய்யுள்தான், வார்த்தையோட முதல் எழுத்து வரிசையோட நின்னுச்சு.

1732-ல வீரமாமுனிவர் சதுரகராதியை முடிச்சார். செய்யுளை விட்டுட்டார். ஒரு வார்த்தை, பக்கத்துல அதோட அர்த்தம், எல்லாம் எழுத்து வரிசையில. நாம இன்னைக்கு டிக்‌ஷனரின்னு சொல்ற உருவம். சதுர்ன்னா நாலு. நாலு அகராதி சேர்ந்ததால சதுரகராதி. கட்டம் போட்ட சதுரம் இல்ல. இது எனக்கு இருபத்தோரு வயசுலதான் தெரியும்.

முதல் பகுதி பெயரகராதி. வார்த்தை தெரியும், அர்த்தம் தெரியாது. அப்போ இங்கே பார்க்கணும். ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்கோ அத்தனையும் வரும்.

ரெண்டாவது பொருளகராதி. இது அப்படியே தலைகீழ். பொருள் தெரியும், அதுக்கு வேற என்னென்ன பேர் இருக்குன்னு தெரியணும். யானைக்கு, தாமரைக்கு, கடலுக்கு எத்தனை பேர்? இங்கிலீஷ்ல நாம தெசாரஸ்னு சொல்றோமே, அந்த வேலை.

மூணாவது தொகையகராதி. முக்கனி, நானிலம், ஐம்பொறின்னு எண்ணிச் சொல்ற தொகுப்பெல்லாம் இருக்கில்ல, அந்த மூணு எது, நாலு எது, அஞ்சு எதுன்னு இது சொல்லும். க்விஸ் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாலாவதுதான் எங்களை ஏலாக்குறிச்சிக்கு இழுத்துட்டுப் போனது. தொடையகராதி. ஒரே எழுத்து ஒத்து வர்ற வார்த்தைங்களைச் சேர்த்துக் கொடுக்கற பகுதி. தமிழ்ப் பாட்டுல எதுகைன்னு ஒண்ணு வேணும். முதல் எழுத்து எது வேணா இருக்கலாம், அளவு மட்டும் ஒத்துப்போகணும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருக்கணும். நானா யோசிச்சு ஒரு உதாரணம் சொல்றேன்: அகல், இகல், பகல், புகல். நாலுலயும் க, ல் அதே இடம். முதல் எழுத்து மட்டும் வேற. அர்த்தமோ ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அகல் விளக்கு, இகல்ன்னா பகை, பகல் நமக்குத் தெரியும், புகல்ன்னா தஞ்சம்.

நாங்க ஹாஸ்டல் ரூம்ல உயிரெழுத்து வரிசையை வச்சு எழுதின லிஸ்ட்டும் இதே மாதிரிதான். வித்தியாசம் என்னன்னா, எங்களுது ஒரு டெஸ்ட்டோட முடிஞ்சுபோற லிஸ்ட். அவருது பாட்டு எழுதறவங்களுக்கு.

அவருக்கு ஏன் அது தேவைப்பட்டது?

இந்த இடத்துலதான் எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை வந்துச்சு. சதுரகராதிக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1726-ல, அவர் தேம்பாவணி எழுதிட்டார். சூசையப்பர் வாழ்க்கையைச் சொல்ற காப்பியம். மூணு காண்டம், 36 படலம், 3615 பாட்டு. ஒவ்வொரு பாட்டுலயும் நாலு அடிக்கும் எதுகை ஒத்து வரணும். தாலாட்டுல இருந்தே தமிழ் கேட்டு வளர்ந்த புலவருக்கு அது காதுல தானா வரும். முப்பது வயசுக்கு மேல மொழியைத் தொட்டவருக்கு? ஒவ்வொரு பாட்டுக்கும் வார்த்தையைத் தேடித் தேடித்தான் எடுத்திருப்பார்னு நினைக்கிறேன்.

நாமளா இருந்தா கஷ்டப்பட்டு ஒரு பேப்பர் கிளியர் பண்ணினதும் நோட்ஸை பழைய பேப்பர் கடையில போட்டுடுவோம். அவர் காப்பியத்தை முடிச்ச அப்புறம் உட்கார்ந்து, தனக்கு எது இல்லாம போச்சோ அதை வரிசைப்படுத்தி அடுத்தவனுக்காக வச்சுட்டுப் போனார். அந்த நாலு பகுதியும் ஒரு அந்நியன் தமிழுக்குள்ள நுழையும்போது முட்டிக்கிற நாலு இடம். அர்த்தம் தெரியல, பேர் தெரியல, தொகை தெரியல, ஓசை பிடிபடல. நாலுக்கும் நாலு கதவு.

கூடவே நடுவுல ரெண்டு இலக்கணமும் எழுதினார். செந்தமிழுக்கு 1730-ல தொன்னூல் விளக்கம்: எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி அஞ்சையும் ஒரே நூல்ல அடக்கினது. இன்னொண்ணு கொடுந்தமிழுக்கு, அதாவது ஜனங்க பேசற தமிழுக்கு, லத்தீன்ல எழுதினது. பேச்சுத் தமிழுக்கெல்லாம் இலக்கணமான்னு கேட்காம, வர்றவன் முதல்ல காதுல கேட்கப்போறது அதைத்தான்னு எழுதினார். எங்க மேகசின்ல பேச்சும் எழுத்தும் கலந்து எழுதறோம்னு கிண்டல் பண்ற ப்ரொஃபஸர்ஸ் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் அச்சானது எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில, 1738-ல. தரங்கம்பாடி அச்சுக்கூடம் லுத்தரன் மிஷனரிகளோடது. அவங்களை எதிர்த்து வீரமாமுனிவர் 1728-ல வேத விளக்கம்னு நூலே எழுதியிருக்கார், கடுமையாவே சண்டை போட்டிருக்கார். அப்படிப்பட்டவர் எழுதின இலக்கணத்தை அவங்களே அச்சுப் போட்டாங்க. ஏன்னா தமிழ் கத்துக்க அவங்களுக்கும் அது தேவைப்பட்டது. ஆளைப் பிடிக்கலன்னாலும் அவன் நோட்ஸ் நல்லா இருந்தா ஜெராக்ஸ் எடுக்கற பழக்கம் அப்பவே இருந்திருக்கு.

ஒரு சுழி பண்ணின வேலை

எழுத்து வரிசையில அகராதி போடணும்னா முதல்ல எழுத்து தெளிவா இருக்கணும். பழைய ஓலையில எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்டினது ஒரு புள்ளிதான். குறிலுக்கு மேல புள்ளி வைக்கணும்னு இலக்கணம் சொல்லுது. ஆனா எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை கிழியும்னு பெரும்பாலும் வைக்காமலே விட்டுடுவாங்க. அப்போ பொய்யும் போயும் ஒரே மாதிரி இருக்கும். கெடுவும் கேடுவும் ஒண்ணுதான். அர்த்தத்தை வச்சு நாமதான் ஊகிக்கணும்.

தமிழ் நல்லா தெரிஞ்சவனுக்கு இதுல கஷ்டம் இல்ல. புதுசா வர்றவன்தான் மாட்டிக்குவான். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். கொம்பை மேல சுழிச்சு விட்டா நெடில், சுழிக்காம விட்டா குறில். புள்ளியைத் தேட வேண்டாம். இப்போ நீங்க இதை மொபைல்ல படிக்கும்போது பார்க்கற கே, போ, தே எல்லாத்துலயும் அந்தச் சுழி இருக்கு. அது இல்லன்னா அகர வரிசையும் குழம்பும், தேடலும் குழம்பும்.

சிரிக்கத் தெரிஞ்ச முனிவர்

அப்ஸ்டீமியஸ் சொல்லிட்டேன், ஃபெசீஷியஸ் பாக்கி. பரமார்த்த குரு கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடங்க, அவங்களுக்கு ஏத்த ஒரு குரு. ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை வச்சுப் பார்ப்பாங்க. ஆத்தைத் தாண்டினதும் தன்னை விட்டுட்டு எண்ணிட்டு ஒரு ஆளைக் காணோம்னு அழுவாங்க. குதிரை முட்டைன்னு பூசணிக்காயை வாங்குவாங்க. சின்ன வயசுல இதைக் கேட்டுச் சிரிச்ச எனக்கு, எழுதினது இதே முனிவர்னு தெரியாது.

அதை அவர் சும்மா சிரிக்கறதுக்காக மட்டும் எழுதல. தமிழ்–லத்தீன் அகராதி ஒண்ணு செஞ்சார். வெறும் வார்த்தையைப் படிச்சா போரடிக்கும், பேச்சுத் தமிழ் எப்படி ஓடுதுன்னு பழக ஏதாவது வேணும்னு அதோட இந்தக் கதையைச் சேர்த்தார். இன்னைக்கு மொழி கத்துக்கற ஆப்ல வார்த்தைக்கு அப்புறம் குட்டிக் கதை வருதே, அந்த டெக்னிக். 1822-ல பாபிங்டன்ங்கிறவர் இதை லண்டன்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட அச்சடிச்சார். இந்தக் கதை நம்ம ஊர் குருமார்களைக் கேலி பண்ண எழுதினதுன்னு கோபப்படறவங்களும் உண்டு. அதுல நியாயம் இல்லன்னு சொல்ல நான் வரல. ஆனா அதுல இருக்கிற பேச்சுத் தமிழ் உயிரோட இருக்குன்னு படிச்ச யாரும் ஒத்துக்குவாங்க.

திருக்குறளையும் விடல. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீன்ல மொழிபெயர்த்தார். காமத்துப்பாலை விட்டுட்டார். முனிவர் இல்லையா, அந்த கடைசி யூனிட்டை சாய்ஸ்ல விட்டுட்டார்னு ரூம்மேட் சொல்லிச் சிரிப்பான்.

அம்பலக்காடு

கடைசிக் காலத்துல இந்தப் பக்கம் ஒரே போர். திருச்சியைப் பிடிச்சிருந்த சந்தா சாகிப்கிட்ட வீரமாமுனிவருக்கு நல்ல செல்வாக்கு இருந்துச்சுன்னு சொல்றாங்க. 1741-ல மராட்டியர்கள் திருச்சியைப் பிடிச்சு சந்தா சாகிப்பைச் சிறையா கொண்டுபோனாங்க. முனிவர் கொள்ளிடக் கரையை விட்டுத் தெற்கே போய், கடைசியில கேரளத்துல அம்பலக்காட்டுல தங்கினார். 1747 பிப்ரவரி 4 அன்னைக்கு அங்கேயே இறந்தார். வயசு 66.

அம்பலக்காடுங்கிற பேரைப் படிச்சதும் நான் ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன். 1679-ல அந்தாவோ தெ ப்ரோயென்சாங்கிற இன்னொரு பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சானது அதே அம்பலக்காட்டுலதான். தமிழுக்கு அச்சுல வந்த முதல் அகராதி அது. பெஸ்கி பிறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. அதுல ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்துல மிஞ்சியிருந்து, தனிநாயகம் அடிகளார் 1966-ல அதை மலேசியாவுல மறுபடி பதிப்பிச்சார். தமிழோட முதல் அச்சு அகராதி பிறந்த ஊர்லயே சதுரகராதிக்காரர் போய்ச் சேர்ந்தார்.

அவர் சாகும்போது சதுரகராதி ஓலையாத்தான் இருந்துச்சு. முழுசா அச்சுல வந்தது 1824-ல, சென்னைக் கல்விச் சங்கம் மூலமா. எழுதி 92 வருஷம், இறந்து 77 வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னாடி அவர் ஓலைகளைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சு, அவர் வாழ்க்கை வரலாறையும் தமிழ்ல எழுதினவர் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை. அந்த மாதிரி ஆள் இல்லன்னா இந்த ஓலையெல்லாம் செல்லரிச்சே போயிருக்கும். அதுக்கப்புறம் 1862-ல வின்ஸ்லோ அகராதி, 1924-ல இருந்து 1936 வரைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தோட பெரிய தமிழ் லெக்சிகன்னு வரிசையா வந்துச்சு. 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக மெரினாவுல வச்ச சிலைகள்ல வீரமாமுனிவர் சிலையும் ஒண்ணு. அவர் பிறந்த நவம்பர் 8-ஐத்தான் தமிழ்நாடு அரசு இப்போ தமிழ் அகராதி தினமா கொண்டாடுது.

எங்க லிஸ்ட்

ஏலாக்குறிச்சியில மாதா கோயில் வாசல்ல உட்கார்ந்திருந்தப்போ ரூம்மேட் சுவர்ல இருந்த ஒரு தமிழ் வாசகத்தை என்னைப் படிக்கச் சொன்னான். நான் எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். பாதியில மாட்டிக்கிட்டேன். அவன் சிரிக்கல. போன வருஷம் குரூப் டிஸ்கஷன்ல அவன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பா உச்சரிச்சப்போ மொத்த கிளாஸும் சிரிச்சது, நானும் சேர்த்துத்தான். அது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருந்துச்சு. யாரும் வாயைத் திறக்கல.

பஸ்ல திரும்பி வரும்போது எனக்கு ஓடின யோசனை இதுதான். மொழி தெரியாதது ஒரு அவமானம்னு நாம நினைக்கிறோம். தமிழ் தெரியாதவன் இங்கிலீஷுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறான், இங்கிலீஷ் தெரியாதவன் கடைசி பெஞ்சுல ஒளிஞ்சுக்கிறான். ஆனா தமிழுக்கு நல்ல அகராதி போட்டவர், தமிழ் தெரியாம வந்து மாட்டிக்கிட்டு முழிச்ச ஒருத்தர். எங்கே முட்டிக்கும்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருந்தது. தெரியாம இருந்ததை அவர் மறைக்கல, அதையே நாலு பகுதியா பிரிச்சு அடுத்தவனுக்குக் கொடுத்தார்.

அதனால அந்தப் பிடிஎஃபை நாங்க இப்போ வேற மாதிரி மாத்திட்டு இருக்கோம். அதே நாலு பகுதி. முதல்ல இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்துல பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல கேட்டாலும் புரியற தமிழ்ல அர்த்தம். ரெண்டாவது, தமிழ்ல ஒரு பொருளைச் சொன்னா அதுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன வார்த்தை. மூணாவது, சேர்ந்தே வர்ற தொகுப்புங்க. நாலாவது, ஒரே எழுத்து ஒத்து வர்ற வார்த்தைங்க. இங்கிலீஷ் உச்சரிப்பு என் பொறுப்பு, தமிழ் அர்த்தம் ரூம்மேட் பொறுப்பு. அவன் எழுதறதைப் படிச்சுப் படிச்சு எனக்குத் தமிழ் வருது. நான் வாய்விட்டுச் சொல்றதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு உச்சரிப்பு வருது.

இதுவரைக்கும் 140 வார்த்தை முடிஞ்சிருக்கு. நாங்க பாஸ் அவுட் ஆகறதுக்குள்ள முடியாது. மீதியை ஜூனியர்ஸ் யாராவது எடுத்துக்கணும். தமிழ் மீடியம் ஒருத்தர், இங்கிலீஷ் மீடியம் ஒருத்தர், ஜோடியா வாங்க. மேகசின் டீம்கிட்ட ஃபைல் இருக்கு. காப்பிரைட் எல்லாம் இல்ல. அசல் சதுரகராதியைப் பார்க்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இலவசமா இருக்கு. முதல்ல தொடையகராதியைத் திறங்க. உங்க பேருக்கு எந்தெந்த வார்த்தை எதுகையா வருதுன்னு பாருங்க. நான் அங்கேதான் ஆரம்பிச்சேன்.